ஞாயிற்றுக்கிழமை விசில்

ஜனவரி 2, வெள்ளி

இந்த ஆண்டின் டைரி ஓர் ஏலக்காய்க் கம்பெனி கொடுத்தது. நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஒன்று அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏலக்காயின் ஒரு பயன் அச்சிட்டிருக்கிறது. இன்றைய பயன்: வாய் துர்நாற்றத்தைப் போக்கும்.

காலை 9.10-க்குக் கோயம்புத்தூரிலிருந்து மகன் இளம்பரிதி பேசினான். காரின் பதிவுக் காலம் பிப்ரவரி 20-ம் தேதியோடு முடிகிறது. பதினைந்து வருடம். புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்குப் பதில் விற்றுவிடலாம் என்கிறான். "அம்மாவுக்கு அறுபத்திரெண்டு ஆச்சுப்பா. இன்னும் மலை ரோட்டுல ஓட்டிட்டு இருக்காங்க. வியாழக்கிழமை ஆனா எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓட மாட்டேங்குது." நியாயமாகப் பட்டது. சரி என்றேன்.

9.25-க்கு மனைவி ஜெயக்கொடியிடம் தெரிவித்தேன். மாடியில் துவைத்த துணிகளை உதறிக்கொண்டிருந்தாள். "காரை வித்துடலாம்னு முடிவாயிருக்கு" என்றேன். என் சட்டை ஒன்றை இரண்டு தடவை உதறினாள். "சரி" என்றாள். ஆட்சேபம் எதுவும் இல்லை என்று குறித்துக்கொள்கிறேன்.

பின்னணி: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பத்துநான்கு வருடம் போடி நிருபராக இருந்தேன். பஸ், ஜீப், போலீஸ் வண்டி, ஒரு தடவை ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றிலும் பயணியாகவே போயிருக்கிறேன். ஜெயக்கொடி கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். மலை எஸ்டேட்டுகளில் தடுப்பூசி போட்டவள். நாற்பத்தேழாவது வயதில் ஓட்டக் கற்று, அந்த வருடமே இந்த வெள்ளை டீசல் காரை வாங்கினாள். வியாழக்கிழமைதோறும் போடிமெட்டுக்கு ஓட்டிப்போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவாள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சில வாரம் நானும் கூடப் போவேன். ஏன் போகிறாள் என்று கேட்டதில்லை. அங்கே டீ நன்றாக இருக்கும்.

ஜனவரி 4, ஞாயிறு

கார் கேட்டு முதல் ஆள் வந்தார். பெயர் நாகேந்திரன், வயது 33, பஸ் ஸ்டாண்டு அருகே ஸ்டுடியோ வைத்திருக்கிறார். தை முகூர்த்தங்களுக்கு கேமரா, லைட் எல்லாம் ஏற்றிக்கொண்டு மூணாறு வரை போக ஒரு வண்டி வேண்டும். மலை ஏறிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றார். புத்திசாலி.

ஜெயக்கொடி ஓட்டினாள். நான் முன்னால், அவர் பின்னால். ஊருக்குள் வண்டி சாதுவாகப் போனது. முந்தல் செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு விசில். நேரம் 10.52. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க விசில் கூடியது, வேகம் கூடவில்லை. முதல் வளைவுக்குள் மூன்றாவது கியர், இரண்டாவது கியர், கடைசியில் ஒன்று. பின்னால் வந்த காய்கறி ஜீப் எங்களை முந்திப் போயிற்று. அதில் இருந்தவர்கள் கை அசைத்தார்கள்.

"நர்ஸம்மா, இது கார் ஏறுற சத்தமா, குக்கர்ல பருப்பு வேகுற சத்தமா?" என்றார் நாகேந்திரன்.

"வயசாயிருச்சுல்ல தம்பி, மூச்சு வாங்குது" என்றாள் ஜெயக்கொடி. வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்கு டீயும் கைமுறுக்கும் கொடுத்தாள். இரண்டாவது தடவையும் முறுக்கு வைத்தாள்.

சரிசெய்து சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

ஜனவரி 5, திங்கள்

சிக்கந்தரின் ஒர்க் ஷாப், தேனி ரோடு. டீசல் வண்டிகளில் இருபத்தெட்டு வருட அனுபவம். நாங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு உடனே பானெட்டைத் திறக்கவில்லை. என்னிடம் விசாரணை நடத்தினார். நான் போலீஸில் பார்த்த சில விசாரணைகளைவிட முறையாக இருந்தது.

"சத்தம் எப்ப வருது சார்? வண்டி நிக்கும்போதா, ஓடும்போதா?"

"ஓடும்போது."

"வண்டி வேகத்தோட ஏறுதா, என்ஜின் வேகத்தோட ஏறுதா?"

தெரியவில்லை என்றேன். வண்டி வேகத்தோடு ஏறினால் சக்கரப் பக்கம் பார்க்க வேண்டும், என்ஜின் வேகத்தோடு ஏறினால் என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும் என்றார். முப்பத்துநான்கு வருடத்தில் எந்த அதிகாரியும் எனக்கு ஒரு விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"சத்தம் எப்படி? கடகடன்னா, கீச்சுன்னா, விசிலா?"

நான் யோசிப்பதற்குள் ஜெயக்கொடி சொன்னாள்: "சைக்கிள் டியூப்ல காத்து இறங்குமே, அப்படி, தம்பி. மேட்டுல லோடு விழும்போது மட்டும். நிறுத்தி வச்சு ரேஸ் பண்ணினா வராது."

"நர்ஸம்மா கரெக்டா சொல்றாங்க" என்றார் சிக்கந்தர். அவள் நிறுத்தி வைத்து எப்போது ரேஸ் பண்ணிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. அது வெளிக்காற்றை இறுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று போகும் தடித்த ரப்பர் குழாயின் வாயில் வளையம் போல ஒரு கிளிப் இருக்கிறது. கிளிப் தளர்ந்திருந்தது. ஏற்றத்தில் டர்போ முழு மூச்சாகத் தள்ளும்போது காற்று அந்த இடுக்கில் வெளியேறி விசில் அடிக்கிறது. காற்று போய்விடுவதால் வண்டிக்கு இழுவை இல்லை.

"தானா இப்படித் தளராதே" என்று சொல்லிக்கொண்டே முறுக்கினார் சிக்கந்தர். "போன ஆடியில பன்னெண்டாவது வளைவுல இந்த ஹோஸ் கழண்டப்பக்கூட, நான் போன்ல சொல்லச் சொல்ல நீங்களே மாட்டுனீங்களே நர்ஸம்மா, அப்ப நல்லா இறுக்கித்தான இருந்துச்சு?"

எனக்கு இது புதிய தகவல். ஜெயக்கொடியைப் பார்த்தேன். "சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லைங்க. அஞ்சு நிமிச வேல" என்றாள்.

சத்தம் திரும்ப வந்தால் தேதி, நேரம், இடம், கியர், என்ஜின் சுற்று வேகமான ஆர்பிஎம் எல்லாம் குறித்து வைக்கச் சொன்னார் சிக்கந்தர். சொல்லவா வேண்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

மார்க்கெட் போய் வந்தோம். 4 கி.மீ. சத்தம் இல்லை. கத்தரிக்காய் வாங்கினோம். சொத்தை.

ஜனவரி 8, வியாழன்

போடிமெட்டு. நானும் போனேன், பதிவு செய்வதற்காக. புறப்பாடு 7.15. வெளியே பனி. முந்தலிலிருந்து ஏற்றம்: மூன்றாவது கியர், 2,000 முதல் 2,400 ஆர்பிஎம். சத்தம் இல்லை. பதினேழு வளைவிலும் இல்லை. ஒன்பதாவது வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு, நின்ற இடத்திலிருந்து அப்படியே ஏற்றினாள். வண்டி தயங்காமல் ஏறிற்று. பஸ் டிரைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். தெரிந்தவர் போலிருக்கிறது. வழியில் மொத்தம் ஆறு பேர் தலையசைத்தார்கள். என்னைப் பார்த்து யாரும் இல்லை.

டீக்கடைக்காரர் கேட்காமலே அவளுக்குச் சர்க்கரை கம்மியாகவும் எனக்கு வழக்கம்போலவும் போட்டார். நான் கடைசியாக வந்து நான்கு மாதம் இருக்கும்.

நாகேந்திரனுக்குப் போன் செய்து ஞாயிறு வரச் சொன்னேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காலை 10.40. நாகேந்திரன் பின் சீட்டில். முந்தல் தாண்டியதும் விசில், போன வாரத்தைவிடச் சுருதி கூடுதலாக. இரண்டாவது வளைவு முடிந்து மூன்றாவதில் திரும்பும்போது 'டப்' என்று ஒரு வெடி. விசில் நின்றது. இழுவையும் நின்றது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு கறுப்புப் புகை.

"கல்யாணத்துக்கு ஸ்மோக் எஃபெக்ட்டுக்குத் தனியா ஆள் வைக்க வேண்டியதில்ல போலயே" என்றார் நாகேந்திரன். நல்ல மனிதர். கோபப்படவில்லை.

வண்டியைத் திருப்பி மெதுவாக இறங்கினோம். இறக்கத்தில் டர்போ தேவையில்லை. ஜெயக்கொடி வழியெல்லாம் நாகேந்திரனின் அம்மாவுக்குச் சுகர் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் டீ, முறுக்கு, கூடவே அதிரசம்.

ஜனவரி 12, திங்கள்

சிக்கந்தர் முழு நாளும் வண்டியோடு கிடந்தார். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிவிட்டு, சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் சோதித்தார். ஏர் ஃபில்டரில் அடைப்பு இல்லை. கம்ப்ரஸரால் குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தார். எங்கே குமிழ் வந்தாலும் அங்கே ஓட்டை. குமிழ் இல்லை. டர்போவின் வாயைத் திறந்து அந்த விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் டர்போவுக்கு ஆயுள் முடிந்தது என்று பொருளாம். ஆடவில்லை. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இது சுற்றித்தான் ஒரு டன் இரும்பு மலை ஏறுகிறது.

"ஒரு குறையும் இல்ல சார். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். கிளிப்பு மட்டும் கழண்டிருக்கு." புதுக் கிளிப் போட்டார். பழையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூக்கிப் போடாமல் மேசை டிராயரில் வைத்தார்.

இன்றைய பயன்: ஞாபக சக்தியை வளர்க்கும்.

ஜனவரி 13, செவ்வாய்

ஜெயக்கொடி பொங்கலுக்குத் தலையணை உறை தைத்தாள். ஊசி மாற்ற வேண்டும், மிஷினோடு வந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் காணோம் என்று தேடினேன், உதவியாக இருக்கட்டுமே என்று. "தேடாதீங்க, என்கிட்டதான் இருக்கு" என்று சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே எடுத்து வந்தாள். முந்தானையில் கறுப்பாகப் பட்டது. தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய்க்கு நிறம் கிடையாது. பழைய மிஷின், துரு இருக்கலாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இளம்பரிதி வந்தான். காரை எடுத்து முந்தல் தாண்டி மூன்றாவது வளைவு வரை ஓட்டிப் பார்த்தான். நானும் போனேன். சத்தம் இல்லை, புகை இல்லை. "நல்லாத்தானப்பா இழுக்குது?" என்றான்.

ஜெயக்கொடி சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "ஒன்னக் கண்டா வாயத் தொறக்காது போல. வெளி ஆளுன்னா பேசுது."

"அம்மா, வண்டி போனா ஒண்ணுமில்லம்மா. எங்க போகணும்னாலும் ஒரு போன் போடுங்க, இங்கருந்தே ஆப்ல டாக்ஸி புக் பண்ணிருவேன்."

"வியாழக்கிழம காலையில ஏழேகாலுக்கு, டீ குடிக்கணும்னு ஒனக்குப் போன் போடணுமாக்கும்?"

"ஆமா."

"நீ எந்திரிக்கிறதே எட்டரைக்கு" என்றாள். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவள் முந்திரி பொறுக்கி அவன் இலையில் வைத்தாள்.

இன்று வியாழன். போடிமெட்டு போகவில்லை.

ஜனவரி 17, சனி

மகன் ஊருக்குப் போனான். நான் குறிப்புகளை எடுத்துக்கொண்டு சிக்கந்தரிடம் போனேன். கியர் வாரியாக, ஆர்பிஎம் வாரியாக அட்டவணை போட்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆர்பிஎம்ம விடுங்க சார். கிழமையப் பாருங்க."

பார்த்தேன். 4 ஞாயிறு. 11 ஞாயிறு.

"ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டம். தூசி அதிகமாக இருக்கலாம்" என்றேன்.

"நாகேந்திரன் வண்டியில ஏறுனாத்தான் சத்தம் வருது சார். நீங்க ஏறுனா வரல, தம்பி ஓட்டுனா வரல. அவரு என்ன, தூசியா?"

இரண்டு சம்பவத்தை வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று சொன்னேன். அவர் டிராயரைத் திறந்து பழைய கிளிப்பை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "நான் எப்பவும் பாக்ஸ் ஸ்பேனர் போட்டுத்தான் முறுக்குவேன். திருகு நடுவுல இந்தக் கோட்டப் பாருங்க. புதுசாக் கீறியிருக்கு. சின்ன ஸ்க்ரூ டிரைவர். இம்புட்டுச் சின்னது எந்த மெக்கானிக்கும் வச்சிருக்க மாட்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்கும், இல்ல..." என்று நிறுத்திக்கொண்டு, "எங்க வீட்டுல தையல் மிஷின்ல இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். தையல் மிஷினின் டிராயரைத் திறந்து பார்த்தேன். மூடினேன். பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலை 6.05-க்கே பால் வாங்கப் புறப்பட்டேன். வழக்கமாக 6.25. முன்வாசல் வழியாகப் போனேன். கார் நிற்கும் பக்கச் சந்து வழியாகப் போகவில்லை. அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. கேட்டைத் திறக்கும்போது இரண்டு தடவை இருமினேன். பனிக்காலம், தொண்டை சரியில்லை. டார்ச் அணைந்தது. பால் வாங்கிய பிறகும் பூத்தில் பத்து நிமிடம் நின்று, யாரோ வைத்திருந்த பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்தேன். எனக்குக் கிரிக்கெட்டில் ஆர்வம் கிடையாது.

நாகேந்திரன் 10.30-க்கு வந்தார். இந்தத் தடவை கூடவே ஒருவர். மச்சானாம், மதுரையில் டீசல் மெக்கானிக். முந்தலில் விசில் ஆரம்பித்ததும் மச்சான் கண்ணை மூடிக் கேட்டார், ஏதோ கச்சேரி போல. "ஹோஸ் கிளிப்பு. பத்து நிமிச வேல" என்றார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பானெட்டைத் திறந்து, விரலால் அந்தக் கிளிப்பைச் சுற்றிக் காட்டினார். "என்ஜின் தங்கம் மாதிரி இருக்கு மாப்ள. கண்ண மூடிட்டு எடு."

நாகேந்திரனுக்கு முகமெல்லாம் பல். "நீங்க ஒண்ணும் ரிப்பேர் பாக்க வேணாம் சார். நான் அப்படியே எடுத்துக்கறேன். புதன்கிழமை பேப்பர்ல கையெழுத்துப் போட்ருவோம். தை எட்டு எனக்கு மூணாறுல முகூர்த்தம்."

புதன் சரி என்றேன்.

திரும்பும்போது ஜெயக்கொடி யார் சுகரையும் விசாரிக்கவில்லை. வீட்டில் டீ கொடுத்தாள். முறுக்கு இல்லை. டீயில் சர்க்கரையும் இல்லை. நாகேந்திரன் முழுவதையும் குடித்தார். மச்சான் பாதியில் வைத்துவிட்டார்.

ஜனவரி 19, திங்கள்

ஜெயக்கொடி காரைக் காலி செய்தாள். வெளியே எடுத்தவை: குடை 1. இஞ்சி மிட்டாய் 14. ஊசி, நூல். பிளாஸ்திரி. டீக்கடை டம்ளர் 1, கேட்டால் அவர்களே கொடுத்தார்களாம். சிவப்பில் 'எல்' எழுதிய ஸ்டிக்கர், ஓட்டப் பழகியபோது கண்ணாடியில் ஒட்டியிருந்தது, பதினைந்து வருடமாகச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்தாள்.

இரவுக்குத் தோசை.

ஜனவரி 20, செவ்வாய்

விற்பனைப் படிவங்களைப் பூர்த்தி செய்தேன். உரிமையாளர் பெயர்: ஜெயக்கொடி. அவள் கையெழுத்திட வேண்டிய நான்கு இடங்களில் பென்சிலால் குறி போட்டேன்.

செய்தியை அனுப்பும் முன் குறிப்புகளை முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்ப்பது என் பழக்கம். இந்த டைரியை 2-ம் தேதியிலிருந்து படித்தேன். மெக்கானிக் சொன்னது இருக்கிறது. வாங்குபவர் சொன்னது இருக்கிறது. அவர் மச்சான் சொன்னது இருக்கிறது. மகன் சொன்னது இரண்டு இடத்தில் இருக்கிறது. வண்டியின் உரிமையாளர், விற்பனை பற்றிச் சொன்னதாக ஒரே ஒரு சொல் இருக்கிறது: "சரி." அதற்கு முன்னால் நான் கேட்ட கேள்வி எது என்று தேடினேன். கேள்வியே இல்லை. நான் தகவல் தெரிவித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் மதுரை டெஸ்கில் சந்தானகோபாலன் என்று ஒருவர் இருந்தார். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிய செய்தியை அச்சுக்கு விட மாட்டார். போன் போட்டு, "சம்பந்தப்பட்டவங்கள விட்டுட்டு ஊர் பூராக் கேட்டிருக்கீரே ஓய்" என்பார். அப்படி எனக்கு இரண்டே தடவைதான் போன் வந்திருக்கிறது, முப்பத்துநான்கு வருடத்தில். இது மூன்றாவதாக இருந்திருக்கும்.

மாலை 4.40. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஜெயக்கொடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கையில நோட்டு? யாரும் செத்துப் போயிட்டாங்களா?"

"ஒரு கேள்வி. காரை விக்கிறதுல உனக்குச் சம்மதமா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "இத நீங்க ரெண்டாம் தேதி கேட்டிருக்கணும்."

"அன்னைக்குச் சரின்னு சொன்னியே."

"முடிவாயிருக்குன்னு சொன்னீங்க. முடிவானதுக்குச் சரின்னு சொல்லாம என்ன சொல்ல? சர்வீஸ்ல எத்தன ஆபீசரப் பாத்திருக்கேன். எல்லாருக்கும் சரிதான். பெறகு என் வேலைய நான் பாப்பேன்."

இந்த இடத்தில் அவள் வேலை என்ன என்று நான் கேட்கவில்லை.

"சம்மதமில்ல. எழுதிக்கோங்க" என்றாள். எழுதினேன். "காரணமும் வேணுமா?"

"இருந்தா நல்லது."

"இந்த வீட்டுல என் பேர்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

உடனே பதில் சொல்லாமல் ஆவணங்களைச் சரிபார்த்தேன். வீடு: என் பெயர். மின் இணைப்பு: என் அப்பா பெயர், அவர் காலமாகி இருபத்திரண்டு வருடம். கேஸ்: நான். தண்ணீர் வரி: நான். அவள் கையில் இருக்கும் போன்: இளம்பரிதி. ரேஷன் கார்டில் மட்டும் குடும்பத் தலைவர் அவள். அடுப்படிக்குத் திரும்பிப் போய் இதைச் சொன்னேன்.

"அத ஓட்டிட்டுப் போடிமெட்டுக்குப் போக முடியுமா?" என்றாள்.

வியாழக்கிழமை ஏன் போகிறாய் என்றும் கேட்டேன். இந்தக் கேள்வியும் பதினைந்து வருடம் தாமதம்தான்.

"ஜீப்புல பின்னாடிப் படிக்கட்டுப் பக்கம்தான் எனக்கு எடம் கெடைக்கும். தடுப்பூசி ஐஸ் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு, ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு. இருபத்தாறு வருசம் அந்த மலைய நான் பின்னாடி பாத்துக்கிட்டே ஏறியிருக்கேன். எல்லா வளைவும் போன பெறகுதான் எனக்குத் தெரியும். முன்னாடி பாத்து ஏறணும்னு ஆச. அம்புட்டுத்தாங்க. இதப் போயி யாருகிட்டச் சொல்றது."

சொல்லி முடித்ததும், எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "ஐஸ் பெட்டின்னு போடாதீங்க, வேக்ஸின் கேரியர்னு போடுங்க" என்று திருத்தினாள். பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் கடைசி வரை கேட்கவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

பென்சில் குறிகளை ரப்பரால் அழித்தேன்.

ஜனவரி 21, புதன்

நாகேந்திரன் இனிப்பு டப்பாவோடு வந்தார். அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்: உரிமையாளர் விற்க மறுக்கிறார், அவரைக் கேட்காமல் உங்களை மூன்று ஞாயிறு அலைய வைத்தது என் தவறு.

இனிப்பு டப்பாவை மேசையில் வைத்தார். பிறகு ஜெயக்கொடியைப் பார்த்து, "பொறந்தப்ப எனக்கு மொத ஊசி குத்துனதே நீங்கதானாம், எங்கம்மா சொல்லும். முப்பத்திமூணு வருசங் கழிச்சு ரெண்டாவது குத்தா நர்ஸம்மா?" என்றார்.

"அன்னைக்கும் நீ இப்படித்தான் மொகத்த வச்சிருந்த" என்றாள் அவள். "தை எட்டு நாளைக்குத்தான? வியாழக்கிழமதான். ஒன் கேமரா, லைட்டு எல்லாத்தையும் ஏத்து, மூணாறுக்கு நானே கொண்டுபோயி விடறேன். காசு கீசு எடுத்த, தெரியும் சேதி."

"வண்டி ஏறுமா நர்ஸம்மா? விசிலடிக்குமே?"

"அதெல்லாம் ஏறும்" என்றாள், மிக உறுதியாக.

டீயில் சர்க்கரை இருந்தது. முறுக்கு மூன்று தடவை.

இளம்பரிதிக்குப் போன் செய்தேன். விவரத்தைச் சொன்னேன். "அம்மாகிட்ட நான் கேக்கவே இல்லல்லப்பா?" என்றான். நானும்தான் என்றேன். கண் பரிசோதனை செய்துகொண்டு, பிரேக்கைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இறங்கி வந்தான். கண் போன மாதமே பார்த்தாயிற்றாம், என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறதாம். பதிவைப் புதுப்பிக்க அடுத்த வாரம் தேனி போகிறோம்.

மாலை 5.30-க்கு ஜெயக்கொடி பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் எதையோ பார்த்தாள். நான் உள்ளே டிவி பார்த்தேன்.

மஞ்சள் பை மறுபடியும் காருக்குப் போய்விட்டது.

ஜனவரி 22, வியாழன்

புறப்பாடு 5.40. பின் சீட்டில் நாகேந்திரனும் இரண்டு கேமராப் பெட்டிகளும். அவர் முந்தலுக்கு முன்பே தூங்கிவிட்டார். டிக்கியில் லைட்டுகள். ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியர், 2,200 ஆர்பிஎம். விசில் இல்லை. ஒன்பதாவது வளைவில் வெளுக்க ஆரம்பித்தது. ஜெயக்கொடி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். நானும் முன்னால் பார்த்தேன். வளைவு வருவதற்கு முன்பே தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

6.48. பதினான்காவது வளைவு. பானெட்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு விசில்.

திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் ரப்பரின் விளிம்பு பிய்ந்துபோகும் என்று பிற்பாடு சிக்கந்தர் போனில் சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் இருந்த பனியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினைந்தாவது வளைவு வரை பொறுத்துப் பார்த்தாள்.

"சத்தியமா இது நான் இல்லைங்க" என்றாள்.